சுண்டுவிரல் சுமந்த புள்ளி

சென்ற முறை நம் சங்கக் கூட்டம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர் இலையில் எங்கள் செட் நண்பர் ஒருவர். ரசம் வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாயருகே கொண்டு போனார். "என்னப்பா, கையில என்ன?" என்று கேட்டேன். "முப்பது வருஷம் டைப் அடிச்ச கை. வேற என்ன இருக்கும்?" என்று சிரித்தார். அவ்வளவுதான், அந்த வரிசையிலேயே இன்னும் மூன்று பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தங்கள் மணிக்கட்டைத் தடவிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்குக் கட்டைவிரல், ஒருவருக்கு முழங்கை வரைக்கும் குடைச்சல், ஒருவருக்கு ராத்திரியில் விரல் மரத்துப் போகிறது. நான்காவது ஆளாக என் கையில் இருந்த தழும்பை நானும் காட்டினேன்.

மலர்க் குழுவினர் வழக்கம்போல் "சார், நீங்க வரலாறு. மலைக்கோட்டையைப் பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். நாயக்கர், ஹைதர் அலி, திப்பு, ஆங்கிலேயர் எல்லோரையும் போன மலர்களில் ஏற்றி இறக்கியாகிவிட்டது. கோட்டைக்கு வரலாறு இருக்கிறது. கோட்டைக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்த கைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த முறை அதை எழுதுகிறேன்.

நான் நம் கல்லூரியில் சேர்ந்தது 1979-இல். அந்தக் காலத்தில் பி.ஏ. படிக்கிறான் என்றால் ஊரில் கேட்கும் அடுத்த கேள்வி, "டைப் அடிக்கத் தெரியுமா?" என்பதுதான். பட்டம் ஒரு பக்கம், இங்கிலீஷ் லோயர், இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் மறுபக்கம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தட்டச்சர் வேலைக்குப் போவதற்கு அந்தச் சர்டிபிகேட்டுகள்தான் வழி. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வுக்காக மாலை நேரத்தில் ஊரே இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடிப்படியில் ஏறும்போதே மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று வரிசையாக மெஷின்கள். யாருக்கு எந்த மெஷின் என்பதில் ஒரு சண்டையே நடக்கும். ஹால்டா கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி, பழைய ரெமிங்டன் கிடைத்தவன் அன்றைக்கு இரும்பு அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

இரும்பு என்றதும் அப்பா ஞாபகம் வருகிறார். அவர் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். திண்டுக்கல் பூட்டு என்று உலகம் புகழ்கிறதே, 2019-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்ததே, அதில் சாவியின் பல்லும் உள்ளே இருக்கும் லீவரும் ஒன்றோடொன்று சேர்வது முழுக்க முழுக்க அரம் தேய்ப்பில்தான். அவர் வலது மணிக்கட்டு இடது மணிக்கட்டைவிடத் தடித்திருக்கும். ராத்திரி வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு, "நீயாச்சும் நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலைக்குப் போ" என்பார். டைப் கிளாஸ் பீஸை முதல் தேதியே கொடுத்துவிடுவார், கல்லூரி பீஸுக்குத்தான் இழுத்தடிப்பார்.

இனி மெஷினின் கதை. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் தம் தட்டச்சுப் பொறிக்கு 1868-இல் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி அதை 1874-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேனா பிடித்துப் பிடித்து முடங்கிப்போன கைக்கு இது விடுதலை என்று சொல்லித்தான் ஆரம்பத்தில் விற்றார்கள்! அப்போது பெரும்பாலானோர் ஒவ்வொரு கையிலும் ஒன்றிரண்டு விரலை வைத்துக் கொத்துவார்கள், இன்றைக்குச் சில அதிகாரிகள் கம்ப்யூட்டரில் கொத்துகிறார்களே அதுபோல. 1888-இல் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. மெக்கரின் என்பவர் விசையைப் பார்க்காமல் பத்து விரலையும் பயன்படுத்தி எதிராளியைத் தோற்கடித்தார். அதன் பிறகு உலகம் முழுக்க அந்த முறை பரவியது. அதுவரை சும்மா இருந்த சுண்டுவிரலும் வேலைக்குச் சேர்ந்தது.

தமிழுக்கு மெஷின் செய்தவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் போனவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கோ 247. ஒரு மெஷினில் இருக்கும் விசைகளோ ஐம்பதுக்குள். இத்தனை எழுத்தையும் அத்தனை விசைக்குள் அடக்க அவர் கையாண்ட உபாயங்களில் ஒன்று நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் கேரியேஜ் ஒரு எழுத்து தூரம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், கேரியேஜ் அப்படியே நிற்கும். பிறகு எழுத்தைத் தட்டினால் அந்தக் குறிக்குக் கீழேயே வந்து உட்காரும். புள்ளி வைப்பது அப்படித்தான். கையால் எழுதும்போது எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறோம், மெஷினில் புள்ளியை வைத்துவிட்டு எழுத்தைப் போட வேண்டும். ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் கம்பெனி மூலம் அவர் தமிழ் மெஷின்களைச் செய்வித்தார். ஓர் ஈழத்துக்காரர் சிங்கப்பூரில் யோசித்து ஜெர்மனியில் செய்வித்த சாதனம், திண்டுக்கல் மாடியில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அடுத்து நான் சொல்லப் போவதை அவரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் கிளாஸில் முதல் பாடம் 'யளனக', 'டமத'. இடது கை நாலு விரலும் ய, ள, ன, க மேல். வலது கை ஆள்காட்டி விரல் த, நடு விரல் ம, மோதிர விரல் ட. மிச்சம் இருக்கும் வலது சுண்டுவிரல் எதன் மேல் என்று கேட்கிறீர்களா? புள்ளி மேல்! தமிழில் எதை எழுதினாலும் மறுபடி மறுபடி வருவது புள்ளிதான். நம்பாதவர்கள் நான் ஆயுளில் அதிகம் தடவை அடித்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'திண்டுக்கல் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு'. எண்ணிப் பாருங்கள், ஒன்பது புள்ளி. ஊர்ப் பெயரிலேயே மூன்று. கையில் இருப்பதிலேயே சோனியான விரலுக்கு ஒரே வரியில் ஒன்பது அடி.

இன்னொன்றும் உண்டு. கு, டு, து, மு மாதிரியான எழுத்துகள் ஷிஃப்ட் கீயில் இருந்தன. கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் என்றால் விரல் வைத்தால் போதும். பழைய மெஷினில் ஷிஃப்ட் கீயை அமுக்கினால் உள்ளே இரும்பு மொத்தமும் ஏறி இறங்கும். மெஷினுக்கு மெஷின் மாறும், சிலதில் கேரியேஜே தூக்கும், சிலதில் அச்செழுத்துக் கூடை இறங்கும். அதையும் சுண்டுவிரல்தான் செய்ய வேண்டும். 'க்கு' என்று ஒரு உருபு அடிக்கப் புள்ளிக்கும் ஷிஃப்ட்டுக்கும் வலது சுண்டுவிரலே போகும். அரசுக் கடிதத்தில் 'க்கு' இல்லாத வரி ஏது?

எங்கள் மாஸ்டர் இதெல்லாம் சொல்லித்தரவில்லை, ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கெட்டி. மணிக்கட்டை மேசை விளிம்பில் சாய்த்தால் மர ஸ்கேலால் ஒரு தட்டு விழும். "கை மெதக்கணும்டா, படுக்கக் கூடாது" என்பார். அப்போது அதைக் கொடுமை என்று நினைத்தோம். பல வருடம் கழித்து எலும்பு டாக்டர் ஒருவர் அதே விஷயத்தை விளக்கி அதற்குக் கன்சல்டிங் பீஸும் வாங்கினார்.

1985 செப்டம்பர் 15-இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததிலிருந்தே தமிழ்த் தட்டச்சருக்குத் தேவை இருந்தது, மாவட்டம் பிரிந்ததும் கேட்கவே வேண்டாம். எல்லாத் துறைக்கும் புது அலுவலகம், புது முத்திரை, புது லெட்டர் தாள். எங்கள் செட்டில் எத்தனையோ பேர் அந்த இரண்டு மூன்று வருடத்தில் வேலைக்குப் போனோம். எனக்கு 1986-இல் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் உத்தரவு வந்தது. அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கொண்டுபோய் விட்டார். வாசலில் நின்று, உள்ளே ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஃபேன் ஓடியது. வேலையும் ஓடியது. கார்பன் வைத்து ஏழு காப்பி எடுக்க வேண்டும் என்றால் கடைசித் தாளிலும் எழுத்து விழும்படி அடிக்க வேண்டும். அதைவிடக் கொடியது ஸ்டென்சில். இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். ரிப்பனைத் தாழ்த்திவிட்டு மெழுகுத் தாளின் மேல் வெறும் அச்சை இறக்கி எழுத்தை வெட்ட வேண்டும். அந்த வெட்டு வழியாகத்தான் சைக்ளோஸ்டைல் மெஷினில் மை இறங்கி நூற்றுக்கணக்கில் காப்பி வரும். மெதுவாக அடித்தால் எழுத்து வெட்டாது. அதிகமாக அடித்தால் வட்டமான எழுத்தெல்லாம் பொத்தலாகிக் கழன்று விழும். புள்ளியை அடித்தால் சரியாக ஒரு ஓட்டை விழ வேண்டும். அந்த ஓட்டையைப் போடுவதும் நம் சுண்டுவிரல்தான்.

எங்கள் பிரிவில் எனக்கு மூத்த தட்டச்சர் ஓர் அக்கா. பெயர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். அவர் ஸ்டென்சிலில் ஒரு பிழைகூட இருக்காது. 1988 வாக்கில் அவர் நடுவில் நடுவில் கையை உதறுவதைப் பார்த்தேன். தெர்மாமீட்டரை உதறுவார்களே அதுபோல. "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்லப்பா, எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்பார். வீட்டில் நொச்சி ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், சுளுக்கு வழிக்கும் பாட்டி, பிறகு புத்தூர்க் கட்டு என்று எல்லாம் ஆயிற்று. கட்டோடு வந்து ஒற்றைக் கையால் அடித்தார். வேலை தேங்கியது. மெமோ வந்தது. அந்த மெமோவை டைப் அடித்தவன் நான்.

அவர் விளக்கம் எழுதினார். 'தொடர்ந்து தட்டச்சு செய்வதால் வலது கை வலி' என்று எழுதியிருந்தார். மேலே இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "டைப்பிஸ்ட் டைப் அடிச்சா கை வலிக்குதுன்னா, நாளைக்கு டிரைவர் ஓட்டுனா கால் வலிக்குதும்பான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அக்கா அடுத்த முறை லீவு கேட்டபோது 'காய்ச்சல்' என்று எழுதினார், உடனே கிடைத்தது. அதிலிருந்து அந்தப் பிரிவில் யாருக்குக் கை வலித்தாலும் காய்ச்சல்தான்.

பிற்பாடு அந்த விடுப்பு விண்ணப்பங்களை நினைத்துத்தான் எனக்கு வரலாற்றுப் புத்தி விழித்தது. நம் துறையில் முதல் பாடம், ஆவணம் இல்லாவிட்டால் நிகழ்ச்சி இல்லை என்பது. அந்த வருடங்களின் பதிவேடுகளைப் புரட்டுகிற ஆராய்ச்சியாளர் ஒருவர், தட்டச்சர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது, ஒருவேளை அலுவலகத்தில் கொசு அதிகம் என்று முடிவு கட்டுவார்.

ஆனால் வேறு ஊர்களில் இதற்கு ஆவணம் இருக்கிறது, அதுவும் முந்நூறு வருடத்துக்கு முன்பிருந்தே. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் அவர். 1713-இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, கணக்கில் தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம், இந்த மூன்றையும் காரணமாகச் சொன்னார். வலது கை முடங்கிப்போன ஓர் எழுத்தர் இடது கையால் எழுதப் பழகினார், கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே வலி வந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எங்கள் அக்கா ஒற்றைக் கையால் அடித்தது எனக்குக் கண்முன் வந்தது.

அடுத்து தந்தி வந்தது. மோர்ஸ் கீயைத் தட்டித் தட்டிக் கை இழுத்துக்கொள்வதை 1875-இல் பிரான்சில் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். 1908-இல் பிரிட்டன் தந்தி ஊழியரின் கைப்பிடிப்பை நஷ்டஈடு பெறத்தக்க தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சேர்த்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். 1911-இல் அந்தக் கமிட்டி என்ன சொன்னது தெரியுமா? ஒரே மாதிரி வேலையால் வரும் களைப்பு ஒரு காரணம், ஊழியரின் நரம்பு பலவீனம் இன்னொரு காரணம் என்றது. லண்டனில் கமிட்டி போட்டு நீளமாகச் சொன்னதை எங்கள் அலுவலகத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

1980-களில் ஆஸ்திரேலியாவில் இதே நாடகம் பெரிய அளவில் நடந்தது. தட்டச்சர்கள், டெலிபோன் ஊழியர்கள், தகவல் பதிவு செய்வோர் ஆயிரக்கணக்கில் கை வலி என்று வந்தார்கள். 'கங்காரு பாதம்' என்று பத்திரிகைகள் கேலிப் பெயர் வைத்தன. இது உடம்பில் இருக்கிறதா, மனதில் இருக்கிறதா, நஷ்டஈட்டு ஆசையில் இருக்கிறதா என்று டாக்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அங்கே அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த 1985-இல்தான் இங்கே எங்கள் மாவட்டம் பிறந்தது. அங்கே பேர் வைத்துச் சண்டையாவது போட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

என் கை 1994-இல் ஆரம்பித்தது. பகலில் மணிக்கட்டின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே கடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வேறு தினுசு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்து, விறுவிறுவென்று எரிந்து எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் குறையும். அக்கா உதறிய அதே உதறல்! நான்கு வருடம் காய்ச்சல் லீவில் ஓட்டினேன். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன அன்று மதுரைக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விரல் மரத்துவிட்டது. அமெரிக்க டாக்டர் ஃபேலன் 1950-களில் பிரபலப்படுத்திய சோதனை அது. அவர் படம் போட்டு விளக்கினார். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக இருக்கின்றன, மேலே ஒரு தடித்த நார்ப் பட்டை. நடுவே சின்ன சுரங்கம். அதற்குள் விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. நாண் உறை வீங்கினால் இடம் கொடுப்பது நரம்புதான், அதுதான் மெத்தென்று இருக்கிறது. "பாளையம் ரயில்வே கேட் மூடுன மாதிரிங்களா?" என்றேன். "அதேதான்" என்று சிரித்தார்.

"அப்ப, டைப் அடிச்சதாலதானே சார்?" என்று ஆவலோடு கேட்டேன். பத்து வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேர்மையான மனுஷர், நான் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார், எனக்குச் சர்க்கரை. சர்க்கரை, தைராய்டு, கர்ப்ப காலம், உடல் பருமன், இவையெல்லாம் அந்தச் சுரங்கத்தை நெருக்கும். தட்டச்சுக்கும் பங்கு இருக்கலாம், அது மட்டும்தான் என்று சர்டிபிகேட் தர முடியாது என்றார். சுண்டுவிரல் பக்கத்து வலிக்குக் காரணமே வேறு, அந்த விரலுக்கு முக்கியமாக வேறொரு நரம்பு, அந்த வலி நாண்களின் களைப்பு என்றார். பிற்பாடு 2001-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு ஒன்றில், அன்றாடம் கம்ப்யூட்டரில் வேலை செய்வோருக்கு இந்த நரம்பு நெருக்கம் பொது ஜனங்களுக்கு வருகிற அளவிலேயே இருந்தது என்று வந்தது. எனக்குப் பிடிக்காத முடிவுதான், ஆனாலும் வரலாற்றுக்காரன் பிடிக்காததையும் எழுத வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் விசைக்கு இறகு தொட்டால் போதும். ஸ்டென்சில் வெட்டுவதற்குப் பலம் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் இந்த மணிக்கட்டுச் சுரங்க நோயைச் சேர்த்திருக்கிறது. நீண்ட நேரம் பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, மணிக்கட்டை மிதமிஞ்சி வளைத்துச் செய்யும் வேலை, அதிர்வுள்ள வேலை என்று அதற்கு நிபந்தனையும் போட்டிருக்கிறது. பட்டியலில் அரம் பிடிக்கும் கைக்கும் இடம் இருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

1998-இல் ஆபரேஷன். கை மட்டும் மரக்க ஊசி போட்டு அந்தப் பட்டையை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நான்கு வருடத்தில் முதல் தடவையாக விடியும் வரை தூங்கினேன். கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் இருந்தார். என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெழல்ல ஒக்காந்தா வலிக்காதுன்னுல்லடா நெனச்சேன்" என்றார். அவருக்கும் ராத்திரி விரல் மரக்கும், உதறினால் சரியாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "நீ பொறக்குறதுக்கு முந்தி" என்றார்.

அடுத்த சில வருடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. இனி வலி தீர்ந்தது என்று நினைத்தோம். இன்னும் கூடியது! இதற்குக் காரணம் எளிது. பழைய மெஷினில் ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடிக்கும், இடது கையை நீட்டிக் கேரியேஜைத் தள்ள வேண்டும். தாள் மாற்ற வேண்டும், கார்பன் சொருக வேண்டும், தப்பு விழுந்தால் ரப்பர் தேட வேண்டும். எரிச்சலாக இருந்த அந்த வேலைகள்தான் கைக்கு ஓய்வாக இருந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் அத்தனை ஓய்வையும் பிடுங்கிக்கொண்டு, போதாததற்கு வலது கையில் மௌஸையும் கொடுத்தது. கோத்ரெஜ் கம்பெனி 1955-இல் இந்தியாவில் செய்ய ஆரம்பித்த தட்டச்சுப் பொறியை 2009-ஓடு நிறுத்திக்கொண்டது. அதற்காகப் பத்திரிகைகளில் எல்லோரும் உருகி எழுதியபோது எனக்கு அழுகை வரவில்லை, அந்த மணிச் சத்தத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு அந்த ஜூனில் தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. ஆகவே இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். புள்ளி எங்கே போயிற்று தெரியுமா? இடது ஆள்காட்டி விரலுக்கு! அதுமட்டுமல்ல, 'க்க', 'ட்ட' போல ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், 'ண்ட', 'ந்த' போல இன எழுத்து சேர்ந்து வந்தாலும் புள்ளி தானாக விழுந்துவிடும். நம் பழைய வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'திண்டுக்கல் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு'. ஒன்பது புள்ளி ஐந்தாகிவிட்டது, அந்த ஐந்தும் கையில் உரமான விரலுக்கு. இதை வகுத்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்குவேன், மெதுவாக.

ஆனால் எங்கள் தலைமுறை அதற்கு மாறவில்லை. இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல் பழைய இடத்தையே தேடியது. கம்ப்யூட்டரிலும் பழைய தட்டச்சு முறையைத்தான் போட்டுக்கொண்டு அடித்தோம். கை வலித்துக்கொண்டே அடித்தோம் என்பதுதான் வேடிக்கை. நானே ஓய்வு பெற்ற பிறகுதான், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்ய, தமிழ் 99 பழகினேன். ஒரு மாதம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அதில் அடித்ததுதான்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஹால்டாவும் இல்லை, ஸ்டென்சிலும் இல்லை, செல்போனும் லேப்டாப்பும் இருக்கின்றன. உங்கள் காலத்துச் சுண்டுவிரல் கட்டைவிரல்தான் என்று தோன்றுகிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீர் என்கிறதா? 1895-இல் சுவிட்சர்லாந்தில் டி குவர்வேன் என்ற மருத்துவர் விவரித்த நாண் உறை வீக்கமாக இருக்கலாம், கை ஓய்வு பெற்றால் பெரும்பாலும் தணியும். ராத்திரியில் விரல் மரக்கிறது, உதறினால் சரியாகிறது என்றால் சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை ராத்திரி கட்டிக்கொள்வதிலேயே பலருக்கு அடங்கிவிடும். கட்டைவிரலின் அடிச் சதை குழி விழும் வரை விட்டால் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலம் திரும்புவது சிரமம். லேப்டாப்பின் விளிம்பில் மணிக்கட்டைப் படுக்கப் போடாதீர்கள், எங்கள் மாஸ்டர் ஸ்கேலோடு வருவார்.

அக்காவை இந்தக் கட்டுரைக்காகப் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். காபியை அவர் மருமகள்தான் கொண்டு வந்து கொடுத்தார். ராமஸ்ஸினி கதையைச் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மெமோவை நீதானே டைப் அடிச்சே?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு தப்பு இருந்துச்சு. 'தாமதத்திற்க்கு'ன்னு அடிச்சிருந்தே. வலிச்ச கையோட படிச்சேன், இருந்தாலும் கண்ணுல பட்டுருச்சு" என்றார். போடக் கூடாத இடத்தில் நான் ஒரு புள்ளி போட்டிருக்கிறேன்.

சங்க அலுவலக அறையில் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நம் கல்லூரியில் படித்து டைப் அடித்துப் பிழைத்தவர்கள், ஆணோ பெண்ணோ, எந்த வருடம், எந்த மெஷின், எந்த விரல், லீவு கடிதத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள். எழுதக் கை வராதவர்கள் சொன்னால் போதும், நான் அடித்து ஒட்டிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.